நெடுஞ்சாலை என்றால் நடுக்கமா?

பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதில் நமக்கு ஒரு தனி ருசி உண்டு. கரப்பான் பூச்சிக்குப் பயப்படுகிறவர், இடிக்குப் பயப்படுகிறவர், மாமியாருக்குப் பயப்படுகிறவர் ஆகிய எல்லாரும் நம் ஹாஸ்யத்துக்கு ஆளாகிறார்கள். ஆனால் வாசலில் காரும், கைப்பையில் லைசென்ஸும் இருந்தும், நெடுஞ்சாலை என்றதும் உள்ளங்கை வியர்த்துப் போகிற ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது நியாயந்தானா என்று எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. காரணம், அப்படி வியர்த்துப் போனவர் என் சொந்தத் தமக்கை.

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, முந்திரித் தோப்புகள் எல்லாம் அந்த ஊரின் பெருமைகள் என்றாலும், வியாபாரிகளுக்கு அது பீங்கான் ஊர். பீங்கான் தொழிலைக் கற்றுக் கொடுக்கும் அரசாங்கப் பயிலகம் கூட அங்கே உண்டு. அக்காவும் அத்தானும் ஒரு சிறிய பட்டறை வைத்துப் பொம்மை செய்கிறார்கள். பொம்மை அக்காவின் இலாகா. கார் ஓட்டுவது அத்தானின் இலாகா. இருபது வருஷமாக இந்தப் பங்கீட்டில் தகராறு வந்ததில்லை.

போன வருஷம் அத்தானுக்குச் சர்க்கரை வியாதி கண்ணைத் தொட்டுவிட்டது. மாதம் ஒரு முறை திருச்சிக்குப் போய்க் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இனிமேல் ஸ்டியரிங்கில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ரயில் இருக்கிறதே, விருத்தாசலம் பெரிய ஜங்ஷன் ஆயிற்றே" என்பீர்கள். உண்மைதான். ஆனால் டாக்டர் கொடுக்கிற நேரத்துக்கு ரயில் வருவதில்லை. போகிற அன்றே திருச்சிக் கடைகளுக்குப் பொம்மைப் பெட்டிகளும் போயாக வேண்டும். சூளையில் உடையாமல் தப்பிய பொம்மை, பிளாட்பாரத்தில் நாலு கை மாறினால் தப்புமா? வாடகைக் கார் வைத்தால் பொம்மையில் கிடைத்த லாபம் அதிலேயே போய்விடும்.

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியும். கடைத்தெரு, பள்ளிக்கூடம், நெய்வேலி வரையில் கூடப் போவார். ஆனால் வேப்பூர் கூட்டுரோட்டில் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலை குறுக்கே வருகிறதே, அங்கேதான் அவருடைய உலகம் முடிந்தது. ஒரு முறை அத்தான் பக்கத்தில் இருக்க அந்தச் சாலையில் ஏறியிருக்கிறார். இடப்பக்கம் ஒரு டேங்கர் லாரி, வலப்பக்கம் ஆம்னி பஸ், பின்னால் ஒரு ஹாரன். மூச்சு முட்டி, ஓரங்கட்டி, சாவியை அத்தானிடம் கொடுத்தவர்தான். அப்புறம் தொடவில்லை. ஊசி தேதி மட்டும் இரண்டு முறை தள்ளிப் போயிற்று. கண் விஷயத்தில் தள்ளிப் போடுவது என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பயத்தைப் பெண்புத்தி என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகத்தில் முதன் முதலாக மோட்டார் காரில் நீண்ட தூரப் பிரயாணம் செய்தவர் ஒரு பெண். 1888-ல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், கணவரிடம் சொல்லாமலே, அவர் கண்டுபிடித்த வண்டியில் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த தாய்வீட்டுக்கு ஓட்டிப் போனார். நம் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-ல் அரசு பஸ்ஸின் டிரைவர் ஆசனத்தில் உட்கார்ந்தார். ஆண்களோ? நெடுஞ்சாலைக்குப் பயந்து, "தூக்கம் சரியில்லை" என்று சாக்குச் சொல்லி, 'ஆக்டிங் டிரைவர்' வைத்துக்கொள்ளும் மீசைக்காரர்கள் சிலரை எனக்கே தெரியும். அவர்களை யாரும் பரிகாசம் செய்வதில்லை. கௌரவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்!

அந்தப் பயம் முழுதும் பொய்யுமல்ல. 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசாங்கத்தின் கணக்கே சொல்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், மொத்தச் சாலை நீளத்தில் மிகச் சிறிய பகுதியான தேசிய நெடுஞ்சாலைகளில் நேர்ந்தவை. எதிர்த் திசையில் விளக்கில்லாமல் வரும் டிராக்டரையும், நடுத்திட்டின் இடைவெளியில் திடீரென்று குறுக்கிடும் மோட்டார் சைக்கிளையும் பார்த்துப் பயம் வராதவர்தான் ஆபத்தான மனிதர். ஆகவே பயத்தை அடியோடு ஒழிப்பது என் நோக்கமல்ல. கையைக் கட்டிப்போடும் பயம் போய், கண்ணைத் திறந்து வைக்கிற அளவு பயம் இருந்தால் போதும்.

அது எப்படி? நம் வீடுகளில் இரண்டு வைத்தியங்கள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, "இதென்ன பிரமாதம்!" என்று பரிகசிப்பது. மற்றொன்று, "ஒரே நாளில் சென்னை வரைக்கும் ஓட்டு, எல்லாம் சரியாகிவிடும்" என்று கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்குவது. இரண்டும் தப்பு என்பதை எனக்குப் புரிய வைத்தது அக்காவின் சூளைதான்.

அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையை நேரே பெருந்தீயில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துவிடும். முதலில் நிழலில் காய வேண்டும். பிறகு சூளையில் மெள்ள மெள்ளச் சூடேற்ற வேண்டும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள படிகக்கல், அதாவது குவார்ட்ஸ், சட்டென்று பருமன் மாறுகிறது. ஏற்றும்போதும் ஆற்றும்போதும் அந்த இடத்தில் அவசரப்பட்டால் விரிசல்தான். அதைத் தாண்டிவிட்ட பொம்மை ஆயிரம் டிகிரியையும் தாங்கி நிற்கிறது. இதை அக்கா எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, "மண்ணுக்குக் காட்டுகிற இந்தப் பொறுமையை உனக்கே காட்டிக்கொண்டால் என்ன?" என்று கேட்டேன். அக்கா முறைத்தார். ஆனால் மறுநாள் காலையில் சாவியை எடுத்தார்.

சாஸ்திரமும் இதையேதான் சொல்கிறது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மாது, முயலைக் கண்டால் அலறுகிற பீட்டர் என்ற குழந்தையின் பயத்தைத் தெளிவித்த விவரத்தை 1924-ல் வெளியிட்டார். குழந்தை பிரியமான தின்பண்டம் தின்று கொண்டிருக்கும். முயல் கூண்டோடு தூரத்தில் இருக்கும். நாளுக்கு நாள் சற்று அருகே வரும். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். 1950-களில் தென்னாப்பிரிக்க டாக்டர் ஜோசப் வோல்ப்பே இதை ஒரு வைத்திய முறையாகவே வகுத்தார். பயங்களை ஏணிப்படி போல அடுக்கி, கீழ்ப்படியில் மனம் அமைதியான பிறகே மேல்படி ஏறுவது அவர் முறை.

எங்கள் ஏணியின் முதற்படி வேப்பூர் டீக்கடை பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அங்கே உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் லாரிகளை வேடிக்கை பார்த்தோம். அவ்வளவுதான்! வெள்ளிக்கிழமை போயிருந்தால் ஆட்டுச் சந்தைக் கூட்டத்தில் லாரியையே பார்த்திருக்க முடியாது. ஆரம்பத்தில் ஒவ்வொரு ஹாரனுக்கும் அக்காவின் தோள் குலுங்கியது. அரை மணி கழிந்து குலுங்குவது நின்றது. "எல்லாம் ஒரே கோட்டில்தான்டா போகுது. கடைத்தெருவில் போற மாதிரி குறுக்கும் நெடுக்குமா வரலையே!" என்றார். உண்மைதான். ஊருக்குள் நாற்புறமும் பார்த்து ஓட்டுகிறவர், நாலு வழிச் சாலையில் முன்னும் பின்னுமே அதிகம் பார்த்தால் போதும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் வாரம் நான் ஓட்ட, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி பார்க்கிற வேலையை ஏற்றார். "பின்னால் பஸ் வருது, வலப்பக்கம் ஏறுது, போயிட்டுது" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாம் வாரம்தான் ஸ்டியரிங். இடப்பக்கத் தடம், 60 கிலோமீட்டர் வேகம், அடுத்த பிரிவில் இறங்கிவிடுவது என்று ஏற்பாடு. முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பித்து, நாம் அதே கம்பத்துக்கு வருவதற்குள் மூன்று விநாடியாவது ஆக வேண்டும் என்று சொல்லி வைத்தேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடுகிறது; மூன்று விநாடி என்றால் 66 மீட்டர். அந்த இடைவெளி கையில் இருக்கும்போது பாதிப் பயம் தானே கரைகிறது.

நாலாம் வாரம் காரியத்தைக் கெடுத்தவன் நான். முன்னே போன கரும்பு லாரி சற்று வேகம் குறைந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டார்; காலும் பிரேக்குக்குப் போய்விட்டது. நான்தான் பதறி, "பிரேக்! பிரேக்!" என்று கத்தினேன். என் கால் வேறு இல்லாத பிரேக்கை மிதித்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. லாரிகள் ஒதுங்கி நிற்பதற்கென்று விட்டிருந்த இடத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். "நீயே ஓட்டுடா. எனக்கு இது வராது."

அந்த இடத்தில் நான் சாவியை வாங்கியிருந்தால் ஒரு மாத வேலை பாழ். பயம் உச்சியில் இருக்கும்போது ஓடி வந்துவிட்டால், "ஓடியதால்தான் பிழைத்தோம்" என்று மனம் எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரமே ஓடச் சொல்கிறது. பத்திரமான இடத்தில் நின்று காத்திருந்தால், ஏறிய பயம் கொஞ்ச நேரத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின் ஸீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். ஃப்ளாஸ்கில் இருந்த காப்பி தீர்ந்தது. பிறகு அக்காவே கிளம்பி, அடுத்த பிரிவு வரை ஓட்டினார். அது வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த அபூர்வமான தியாகங்களில் அது ஒன்று.

பக்கத்தில் உட்காருகிறவர்களின் "பார்த்து, பார்த்து!" என்ற மந்திரத்தைத் தடை செய்ய ஒரு சட்டம் வந்தால் நான் வரவேற்பேன். எதைப் பார்த்து? சொல்ல வேண்டியதை முன்கூட்டியே, தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்பை ரசிக்கலாம். மூச்சுத் திணறி, கை கால் மரத்து, வண்டியே கட்டுக்கு மீறுகிறது என்றாலோ, விபத்தில் அடிபட்டுப் பிழைத்த நினைவு விடாமல் துரத்துகிறது என்றாலோ, அது தம்பியும் ஃப்ளாஸ்கும் தீர்க்கிற விஷயமல்ல. மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு அக்காவுக்கும் ஓய்வுள்ள தம்பி வாய்ப்பானா? இந்தக் காரியம் உண்மையில் டிரைவிங் ஸ்கூலின் காரியம். நான் பார்த்த வரையில் அங்கே ஊருக்குள் நாலு தெரு சுற்றுகிறார்கள். மைதானத்தில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினால் லைசென்ஸ். அதே லைசென்ஸ் மறுநாள் நாலு வழிச் சாலையில் ஏறவும் அனுமதி கொடுத்துவிடுகிறது! பிரிட்டனில் பழகுநர்கள் மோட்டார் நெடுஞ்சாலையில் ஏறவே கூடாது என்று வைத்திருந்தார்கள். அதன் அபத்தத்தை உணர்ந்து 2018 ஜூனில், இரட்டைப் பிரேக் வைத்த காரில் அங்கீகாரம் பெற்ற ஆசிரியரோடு போகலாம் என்று மாற்றினார்கள். நம் நாட்டிலும் 2021-ல் வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கார் பழகுகிறவருக்கு 29 மணி நேரப் பயிற்சி. அதில் 21 மணி செய்முறை. நெடுஞ்சாலையும் பாடத்தில் சேர்த்தி. ரொம்ப நல்லது. ஆனால் பாக்கி ஸ்கூல்களில் படிக்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? விருத்தாசலத்தில் பழகுகிறவரை இரண்டே இரண்டு நாள் வேப்பூர் தாண்டி அழைத்துப் போய் வர, பெட்ரோல் செலவைத் தவிர வேறென்ன தடை? அதையும் கட்டணத்தில் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும். கொடுக்க நாம் தயங்க மாட்டோம்.

எட்டாம் வாரம் ஊசி தேதி வந்தது. நான் ஊரில் இல்லை, வேண்டுமென்றேதான் போகவில்லை. காலை ஒன்பது மணி சுமாருக்குச் சமயபுரத்திலிருந்து டெலிபோன். டோல்கேட் தாண்டி நிறுத்தி டீ குடிப்பதாக அக்கா சொன்னார்.

"அத்தான் எப்படி இருக்கார்? பயந்தாரா?" என்றேன்.

"அவரா? தொழுதூர் தாண்டினதுமே தூங்கிட்டார்டா. இன்னும் எழுப்பலை" என்றார் அக்கா. "சரி, வைக்கிறேன். பெட்டியைப் பத்து மணிக்குக் கடையில் இறக்கணும்."