பூச்சி காலண்டர் பார்ப்பதில்லை, வெயிலைப் பார்க்கிறது!



போன பருவத்தில் பூ எடுத்ததும் மருந்துக்கடைக்குப் போனேன். "தத்துப்பூச்சி தெரியுது, எப்ப அடிக்கணும்?" என்றேன். "15 நாளைக்கு ஒருக்கா அடிங்கண்ணே, யோசிக்காதீங்க" என்றார் கடைக்காரர். யோசிக்காமல் அடித்தேன். மருந்து, டீசல், ஆள்கூலி எல்லாமே கடன். அப்படியும் பூங்கொத்து கருகியது. பழத்தை அறுத்தால் உள்ளே பழ ஈப் புழு.

அந்த 15 நாள் கணக்கு யார் போட்டது? பூச்சி போட்டதா, கடை போட்டதா?

பூச்சிக்குச் சொந்தச் சூடு கிடையாது. காற்றின் சூடுதான் அதன் சூடு. முட்டை பொரிய, புழு வளர, இறக்கை முளைக்க இவ்வளவு வெப்பம் சேரணும் என்று ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வெப்பம் இறங்கினால் வளர்ச்சி நின்றுவிடும்.

கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு நாளின் அதிக வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி, பாதியாக்கி, அந்த அடிமட்ட அளவைக் கழிக்கணும். ஒரு பேச்சுக்கு அடிமட்டம் 10 டிகிரி என்று வைப்போம். தை மாதத்தில் 30-ம் 16-ம் என்றால் சராசரி 23, அன்றைய வரவு 13. பங்குனியில் 36-ம் 22-ம் என்றால் வரவு 19. தையில் 15 நாளில் சேரும் வெப்பம் பங்குனியில் ஏறக்குறைய பத்தே நாளில் சேர்ந்துவிடும்! அப்புறம் எப்படி இரண்டு மாதத்துக்கும் ஒரே 15 நாள் பொருந்தும்? ஒரு சமயம் முந்தி அடித்து மருந்தை வீணாக்குகிறோம். இன்னொரு சமயம் புழு பழத்துக்குள் போன பிறகு தோலுக்கு மருந்து அடிக்கிறோம்.

அமெரிக்காவில் ஆப்பிள் விவசாயி காட்லிங் அந்துப்பூச்சிக்கு இப்படித்தான் நாள் குறிக்கிறார். பொறியில் அந்து தொடர்ந்து விழ ஆரம்பித்த நாளிலிருந்து, 50 டிகிரி பாரன்ஹீட்டை அடிமட்டமாக வைத்து வெப்பத்தைக் கூட்டுகிறார். 250 சேர்ந்தால் முட்டை பொரியத் தொடங்கும். அப்போதுதான் ஸ்பிரேயரை எடுக்கிறார்.

அந்த 250 நம் மாவுக்கு உதவாது. பூச்சி வேறு. இங்கே உறைபனியும் இல்லை, ஒரு தலைமுறை முடியுமுன் அடுத்தது வந்துவிடும். மழையும் ஈரமும் கணக்கைக் கலைக்கும். அதனால்தான் நம்ம தோப்பிலேயே பொறி வைத்து, நம்ம வெயிலிலேயே சரிபார்த்த கணக்கு வேணும் என்கிறோம்.

அரசு என்ன செய்தது? வானிலை ஆலோசனை சொல்லிவந்த 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை 2024-இல் மத்திய அரசு மூடியது. பழ ஈ இருக்கிறது என்று 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தைத் தடுத்தது. அந்தத் தடை நீங்க 2015 ஆனது. பூச்சியைக் கோட்டைவிட்டால் அடி விழுவது விவசாயி தலையில்தான்!

நமது கோரிக்கைகள்:

1. வட்டார வானிலை நிலையத்தின் தினசரி அதிக, குறைந்த வெப்ப அளவை ஒவ்வொரு ஊராட்சிப் பலகையிலும் எழுது!
2. தத்துப்பூச்சிக்கும் பழ ஈக்கும் தோப்பிலேயே கணக்கைச் சரிபார்த்து, மருந்தடிக்கும் தேதியை அறிவி!
3. சிறு விவசாயிக்கு மீத்தைல் யூஜினால் பழ ஈப் பொறியை இலவசமாகக் கொடு!
4. மாவட்டத்துக்கு ஒரு வானிலை ஆலோசகரை நிரந்தரமாக நியமி!

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டாம். ஊருக்கு ஒரு வெப்பமானியை மர நிழலில் மாட்டுவோம். பிள்ளைகள் நோட்டில் தினமும் எழுதட்டும். பூங்கொத்தைத் தட்டிப் பார்த்து, பொறியில் விழுந்ததை எண்ணி, பிறகு மருந்தைத் தொடுவோம். அந்த நோட்டோடுதான் வேளாண் அலுவலகத்துக்குப் போகணும். கையில் கணக்கு இருந்தால் எந்த அதிகாரியும் நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது.

தோப்பு நம்முடையது! கடன் நம்முடையது! தேதியைக் கடை குறிக்க விடமாட்டோம்!

திரண்டு வாரீர்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்