நாம் கழித்துப் போட்ட காகிதங்கள்

1168 நவம்பரில் ஜெருசலேமை ஆண்ட சிலுவைப்போர் அரசன் அமால்ரிக், எகிப்தின் பில்பைஸ் நகரைப் பிடித்தான். வெட்டுண்டவர்கள் போக மிஞ்சியவர்களைப் படை சிறைபிடித்தது. அவர்களில் யூதர்களும் இருந்தார்கள். மீட்கப் பணம் வேண்டும். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்திலிருந்து மற்ற ஊர்களின் யூதச் சபைகளுக்கு ஒரு வசூல் கடிதம் போனது. கீழே கையெழுத்து: ரபி மைமோனின் மகன் மோசே. மைமோனிடிஸ் என்று உலகம் போற்றும் ரபி, தத்துவவாதி, மருத்துவர் அவர்தான்.

அந்தக் கடிதத்தில் தத்துவம் எதுவும் இல்லை. நீதிபதிகள், மூப்பர்கள், படித்தவர்கள் எல்லோரும் இரவு பகலாக ஜெபாலயம், சந்தை, வீட்டு வாசல் என்று அலைந்து கேட்டுவருகிறோம்; எங்களால் ஆனதை நாங்கள் கொடுத்துவிட்டோம்; நீங்களும் கொடுங்கள் என்கிறது. அப்போது அவருக்கு முப்பது வயதுக்குச் சற்று மேல். எகிப்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஏழைக்குச் சோறும் துணியும் கொடுப்பதைவிடக் கைதியை மீட்பது முந்திய கடமை என்று பிற்பாடு தம் சட்ட நூலான மிஷ்னே தோராவில் எழுதினார். எழுதும் முன்பே அதற்காகக் கையேந்தியிருக்கிறார். அதற்குச் சாட்சி இந்தத் தாள்.

தாள் பிழைத்த கதையும் பெரியது. ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா ஜெபாலயத்தில், பெண்கள் மாடத்துச் சுவரில் உயரத்தில் ஒரு திறப்பு. ஏணி வைத்துத்தான் ஏற முடியும். உள்ளே இருட்டறை, அதுதான் கெனிசா. கடவுள் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் எறியக் கூடாது என்பதால் தேய்ந்த ஏடுகளை அதில் போட்டார்கள். போகப்போகக் கல்யாணப் பத்திரம், கடன் சீட்டு, செவ்வாயும் வெள்ளியும் ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்த பட்டியல் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. 1896-97 குளிர்காலத்தில் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் சுமார் 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அங்கே வேத நூல்களுக்குத்தான் முதல் மரியாதை. உதவாதவை என்று தோன்றிய துண்டுகள் பெட்டிகளில் பல பத்தாண்டுகள் தூங்கின. எஸ். டி. கொய்டைன் போன்ற ஆய்வாளர்கள் 1950களில் அவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். கடிதத்தையும் கணக்கையும் கொண்டே ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்க்கையைக் கொய்டைன் ஐந்து தொகுதிகளில் எழுதினார்.

அந்தப் பெட்டிகளைத் திறக்காமல் வைத்திருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதுவதும் படிப்பதுமாக இருக்கும் நாமும் அதையேதான் செய்தோம். ஏட்டில் காப்பியம் தேடினோம், கணக்கோலையைக் கண்டால் ஒதுக்கினோம். பெரியவர்களின் நூல்களை அடுக்கி வைத்தோம். அவர்கள் ஊருக்காக ஓடியாடியதைச் சொல்லும் சீட்டுகளைத் தொலைத்தோம்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத தூரத்துக் கதையும் அல்ல. மைமோனிடிஸின் தம்பி தாவீது இந்தியாவுக்கு வணிகத்துக்குப் புறப்பட்டு, நம் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். கப்பலேறும் முன் செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து அவர் அண்ணனுக்கு எழுதிய கடிதம் கெனிசாவில் கிடைத்தது. தம்பி இறந்த துக்கத்தில் அண்ணன் ஏறக்குறைய ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார். மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் அங்கே கிடைத்தன. மிளகு, பாக்கு, இரும்பு என்று சரக்குப் பேசுகின்றன. அதே காலத்தில் அதே கடலில் ஓடிய நம் வணிகர்கள் கல்லில் வெட்டியது இருக்கிறது. வீட்டுக்கு எழுதியது இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டு ஓலைக்குக் கரையானையும் மழையையும் காரணம் சொல்லலாம். நம் தாத்தா காலத்து நோட்டுக்கு என்ன சொல்வது? மகமைக் கணக்கு, பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி திறந்த கணக்கு, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வசூலித்த நோட்டு, ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதக் கட்டு. இடத்தை அடைக்கிறது என்றோம். வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போட்டோம். ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்டதை உ.வே.சாமிநாதையர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். அவர்களாவது மரியாதை செய்வதாக நம்பி ஆற்றில் விட்டார்கள். நமக்கு அந்த நம்பிக்கையும் இல்லை, வசதி மட்டும்தான் இருந்தது. ஆவணக் காப்பகம் சரியில்லை என்று மேடையில் பேச நமக்குத் தெரியும். நம் வீட்டுப் பரணில் ஏறிப் பார்க்க எந்த அரசாங்கம் வரும்?

மிச்சம் இன்னும் இருக்கிறது. கெனிசாத் துண்டுகள் பல நூலகங்களுக்குச் சிதறிப்போயின. ஆனாலும் இன்று அவற்றின் படங்களை எங்கிருந்தும் இணையத்தில் பார்க்கலாம். சிதறியதைக்கூடச் சேர்க்க முடிகிறது. நம்மால் இதைவிட எளிய வேலை ஆகும். போகிக்குப் பரணை ஒழிக்கும்போது பழைய நோட்டு கிடைத்தால் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். கையெழுத்து யாருடையது என்று வீட்டின் மூத்தவரிடம் இப்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் விசாரியுங்கள். பாயை எரியுங்கள், முறத்தை எரியுங்கள். ஊருக்காக வசூலித்த நோட்டை மட்டும் எரிக்காதீர்கள்.