பதவி போனால் ஆபத்தும் போகுமா?

முன்னாள் தலைவர் ஒருவரின் காவல் குறைந்தால் பிரட்டுக் களத்திலும் வதந்திக்குப் பஞ்சமில்லை. பழிவாங்கல் என்பார் ஒருவர். சிக்கனம் என்பார் மற்றொருவர். நாம் நடந்ததைப் பார்ப்போம்.

இந்தியாவில் 1989-இல் ராஜீவ் காந்தி பிரதமர் பதவியை இழந்தார். பதவியிலிருப்போருக்கே சட்டம் இடமளித்ததால் சிறப்புக் காவற்படை பின்னர் விலக்கப்பட்டது. ஆபத்தோ விலகவில்லை. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் வெடிகுண்டுக்குப் பலியானார். காவல் நின்ற போலீஸ்காரர்களும் மாண்டனர். அதன் பிறகே முன்னாள் பிரதமர்களையும் சேர்த்துச் சட்டம் திருத்தப்பட்டது.

2019-இல் அவர் குடும்பத்தாருக்கு அப்படை விலக்கப்பட்டபோது, மத்திய ரிசர்வ் போலீஸ் படை பொறுப்பேற்றது. காவலே பறிபோயிற்று என்பது பொய்.

தோழர்களே, நாம் கூறுவது இதுவே: காவலை ஆபத்தைக் கொண்டு அளக்க வேண்டும், ஆள்வோர் விருப்பத்தைக் கொண்டன்று, வதந்தியைக் கொண்டுமன்று. உயிர் போனபின் விதி எழுதும் வழக்கம் நாட்டிலும் வேண்டாம், தோட்டத்திலும் வேண்டாம்.