காற்றுக்கும் ஒரு குழாய்

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் டைல்ஸ் கடையில் அரைநாள் நிற்பார்கள். கழிவுநீர்க் குழாயைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் பிளம்பர் பாத்துக்குவார்" என்பார்கள். பார்த்துக்கொள்வார்தான். தரையை மூடிய பிறகு அவர் செய்ததை யார் பார்ப்பது?

வாட்டம் முக்கியம் என்பது எல்லோருக்கும் தெரியும். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று, அதாவது பத்தடி ஓட்டத்துக்கு மூன்று அங்குல இறக்கம் என்பது பழைய கணக்கு. "கண்ணாலயே சொல்லிடுவேன் சார்" என்கிற பிளம்பரிடமும் ரசமட்டத்தை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். குழாயிலும் கவனம் வேண்டும். ஐஎஸ் 13592 தரக் குழாயில் 'ஏ' ரகம் மழைநீருக்கும் காற்றுக்கும். கழிவறைக்குச் சுவர் தடித்த 'பி' ரகம்தான். எழுத்து குழாயிலேயே அச்சாகியிருக்கும், கடையிலேயே பார்த்துவிடலாம்.

யாரும் கண்டுகொள்ளாதது காற்றுக் குழாய். குளியலறை டிராப்பில் எப்போதும் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை வாடைக்கும் நமக்கும் நடுவே இருப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். மாடியில் ஃபிளஷ் செய்தால் குழாயில் விழுகிற தண்ணீர் பின்னாலேயே காற்றை இழுக்கும். மொட்டைமாடிக்கு மேல் திறந்த குழாய் இருந்தால் காற்று அங்கிருந்து வரும். இல்லாவிட்டால் கீழ்வீட்டு டிராப்பில் நிற்கும் தண்ணீரைக் 'களக் களக்' என்று உறிஞ்சிவிடும். அப்புறம் எத்தனை பினாயில் ஊற்றினாலும் வாடை போகாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016 பதிப்பின் 9ஆம் பகுதியில், இந்தக் காற்றுவழிக்கு நிறையவே இடம் ஒதுக்கியிருக்கிறது. நம் ஆட்களோ மொட்டைமாடியில் அறை கட்டும்போது, பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அந்தக் குழாயை வெட்டி மூடி போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதைவிட எரிச்சல் தருவது வேறில்லை.

பழையதோடு புதியதை இணைக்கும் இடத்திலும் அவசரம்தான். ஸ்டோன்வேர் குழாய்க்குள் பிவிசியைச் சொருகிச் சுற்றிலும் சிமெண்ட் அப்புவார்கள். பிவிசியைச் சிமெண்ட் பிடிக்காது. நாளாக ஆக அந்த இடத்தில் கசியும். இணைப்பை ஒரு சேம்பருக்குள் கொண்டுவந்துவிட்டால் பின்னாளில் திறந்து பார்க்கவும் முடியும். அடைப்பெடுக்கத்தான் 'டோர் பெண்ட்' என்று கதவு வைத்த வளைவு விற்கிறார்கள். அந்தக் கதவையே சுவருக்குள் பூசி மூடிய வீடுகளும் உண்டு!

மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்ச் சேம்பரில் விடவே கூடாது. 2003லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். சேம்பரில் விட்டால், ஐப்பசி மழையில் தெரு மேன்ஹோல் பொங்கும். நம் வீட்டுக்குள்ளும் திரும்பி வரும்.

தரையை மூடுவதற்கு முன் குழாயின் கீழ்முனையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்து வையுங்கள். மட்டம் இறங்கினால் எங்கோ மூட்டு ஒழுகுகிறது. "அரைநாள் வேலை கெடுதே" என்று கொத்தனார் முனகுவார். அந்த அரைநாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.