குற்றால அருவி: டெலிவிஷன் சொல்ல வேண்டிய பாடம்

ஜூன் மாதம் குற்றாலத்தில் சீசன் தொடங்கும். தென்காசியில் வெயில் அடிக்கும்போதே சாரலும் விழும்.

இந்தச் சாரல் எங்கிருந்து வருகிறது?

குழந்தை கேட்டால், "மலையில் இருந்து வருகிறது" என்று சொல்லி விடுகிறோம். அது போதாது.

அரபிக் கடலில் இருந்து ஈரக் காற்று வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறிக்கிறது. காற்று மலை மீது ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. அதில் உள்ள நீராவி நீர்த் துளி ஆகிறது. கேரளப் பக்கம் பெருமழை கொட்டுகிறது. மிச்சம் உள்ள ஈரம் ஆரியங்காவுக் கணவாய் வழியாக நம் பக்கம் வருகிறது. அதுதான் சாரல்!

கவிராயர் பாட்டு

18-ம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். அருவியின் அலை வானம் வரை எழுகிறதாம். அந்த ஈரத்தில் சூரியனுடைய தேர் வழுக்குகிறதாம்!

கவிராயர் விஞ்ஞானம் எழுதவில்லை. ஆனால், இந்தப் பாட்டைக் கேட்டவன் மலையை நிமிர்ந்து பார்ப்பான். "ஏன் இவ்வளவு ஈரம்?" என்று கேட்பான். விஞ்ஞானம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

பதில் சொல்ல டெலிவிஷன் இருக்கிறது.

அமெரிக்க விஞ்ஞானி கார்ல் சேகன் 1980-ல் "காஸ்மாஸ்" என்ற டெலிவிஷன் தொடரை நடத்தினார். மொத்தம் 13 பகுதிகள். அதற்காக அவர் தமிழ்நாட்டுக்கே வந்தார். பொங்கல் விழாவையும் நடராசர் சிலையையும் காட்டி, பிரபஞ்சத்தின் கதையைச் சொன்னார்.

வெளிநாட்டார் நம் கலையைக் கொண்டு விஞ்ஞானம் சொன்னார். நாம் சொல்லக் கூடாதா?

உயிர் காக்கும் அறிவு

இது பொழுதுபோக்கு அல்ல. 2024 மே 17-ந் தேதி பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

கீழே மழை இல்லாவிட்டாலும், மலை மேல் கொட்டலாம். சரிவான பாறையில் தண்ணீர் தங்காது. சிறிது நேரத்தில் கீழே பாய்ந்து விடும். தண்ணீர் கலங்கினால், இரைச்சல் கூடினால், சருகும் குச்சியும் அடித்து வந்தால், உடனே வெளியேறி விட வேண்டும்.

"எச்சரிக்கைப் பலகை போதாதா?" என்று சிலர் கேட்கலாம்.

போதாது. "குளிக்காதே" என்று மட்டும் சொன்னால், காரணம் தெரியாதவன் மீறத்தான் பார்ப்பான். காரணம் தெரிந்தவன் தானே விலகுவான். பிள்ளையையும் கையைப் பிடித்து இழுத்து வருவான்.

ஆகவே, சீசன் நாட்களில் டெலிவிஷன் நிலையங்கள் தினமும் 5 நிமிடம் ஒதுக்கட்டும். முதலில் கவிராயர் பாட்டு ஒன்று. அடுத்து அருவியின் படம். பிறகு, அன்று மலையில் பெய்த மழையும் அதன் விளைவும்.

வடகரையில் வயல் வேலை முடித்து வரும் தாய்க்கும் அது புரிய வேண்டும். வெளியூரில் இருந்து குளிக்க வருகிறவருக்கும் புரிய வேண்டும்.

பாட்டு மனதில் நிற்கும். அதோடு சேர்ந்து எச்சரிக்கையும் நிற்கும்!