ஆறு வாரச் சம்பளம் எங்கே?

டாக்டர் கொடுத்த மாத்திரையால் கருவைக் கலைத்த பெண், மறுநாளே வந்து தறியருகில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டுமா?

இரண்டாவது மருந்து சாப்பிட்ட சில மணி நேரத்தில் அடிவயிறு இழுத்துப் பிடித்து வலிக்கும். மாதவிலக்கைவிட அதிகமாக ரத்தம் போகும், கட்டியாகவும் விழும். பிறகு குறைந்து, இரண்டு வாரம் வரைகூடக் கசியும். இது இயல்புதான். ஆனால் மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, ஜுரம் ஒரு நாளைத் தாண்டினாலோ, மயக்கம் வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்து நிற்கக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இழக்க அவர்களிடம் ரத்தம் ஏது?

டாக்டர் மூலம் கருக்கலைத்தால் ஆறு வாரம் சம்பளத்துடன் லீவு. 1961 மகப்பேறு சட்டத்தில் இருந்த இந்த உரிமை, அதன் இடத்தில் வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. கேட்டால் சங்கதி ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று சகோதரிகள் வாய் திறப்பதில்லை. அந்த வெட்கத்தில் மிச்சம் பிடிப்பவர் முதலாளி! டாக்டர் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சங்கத்துப் பெண் தோழரிடம் சொல்லுங்கள்.

நாற்று நடும் கூலிப் பெண்ணுக்கோ இந்த லீவே கிடையாது. ரத்தம் கசியக் கசியச் சேற்றில் குனிகிறாள். அவளுடைய ஆறு வாரக் கூலியைச் சர்க்கார் கஜானா கொடுக்க வேண்டும் என்று கோருகிறோம்.