அப்பாவுக்குச் சோறு இறங்கலையா? ஆரணி தறிவீட்டுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஓர் அறிகுறி!

வீட்ல அப்பாவோ தாத்தாவோ கொஞ்ச நாளா "சோறு வேணாம், கஞ்சி போதும்"னு சொல்றாங்களா? ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணி குடிச்சுத்தான் இறக்குறாங்களா? "வயசாயிடுச்சு, பல்லு சரியில்ல"ன்னு நீங்களும் விட்டிருந்தா, அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிச்சிடுங்க.

உணவுக்குழாய், சுமார் 25 செ.மீ நீளமுள்ள தசைக்குழாய். நன்றாக விரிந்துகொடுக்கும். அதனாலேயே உள்ளே கட்டி வளர ஆரம்பிக்கும்போது எதுவும் தெரியாது. பாதை கணிசமாகச் சுருங்கிய பிறகுதான் தொந்தரவு தொடங்கும். முதலில் சப்பாத்தி, கறி மாதிரி கெட்டியான உணவு சிக்கும். அப்புறம் சோறு, இட்லி. கடைசியில் தண்ணீரே இறங்காது. கூடவே எடை குறையலாம், குரல் கம்மலாம், நெஞ்சு நடுவில் வலிக்கலாம்.

2022-ல் உலகம் முழுக்க சுமார் 5.11 லட்சம் பேருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 4.45 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருக்க முக்கியக் காரணம், நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதுதான்.

தறியும் வெற்றிலைப் பெட்டியும்

இந்த நோயில் இரண்டு முக்கிய வகைகள். நாள்பட்ட நெஞ்செரிச்சல், உடல் பருமன் ஆகியவற்றோடு தொடர்புடையது ஒன்று. இந்தியாவில் அதிகம் காணப்படுவது இன்னொன்று, ஸ்குவாமஸ் வகை. புகையிலை, மது, பாக்கு ஆகியவைதான் இதன் பெரிய காரணிகள். "நான் போயிலை போடறதில்ல, வெறும் வெத்தலை பாக்குதான்" என்பதும் பாதுகாப்பு கிடையாது. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களையும் 2016-ல் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது.

பொழுது விடிந்ததிலிருந்து குழித்தறியில் கால் மாற்றி மிதிக்கிற ஒருவருக்கு டீயும் வெற்றிலை பாக்கும்தானே இடைவேளை? தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-ல் தடை வந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சில மாதங்களிலேயே அந்தத் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. வழக்கு எங்கே போனாலும், வீட்டு வெற்றிலைப் பெட்டிக்குள் எந்தத் தடையும் வரப்போவதில்லை.

பரிசோதனைப் பட்டியலில் இல்லாத நோய்

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் நான்கு மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் ராணிப்பேட்டையும் அதில் ஒன்று. நல்ல முயற்சி. ஆனால் அதில் பார்ப்பது வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றை மட்டும்தான். உணவுக்குழாயை டார்ச் அடித்துப் பார்த்துவிட முடியாது, எண்டோஸ்கோப்பி வேண்டும். அதை எல்லோருக்கும் செய்வது நடைமுறையில் கஷ்டம். ஆக, வீடு தேடி வரும் ஊழியரிடம் "எல்லாம் செக் பண்ணியாச்சு" என்ற நிம்மதி இந்த நோய்க்குப் பொருந்தாது. சாப்பாட்டுத் தட்டைக் கவனிக்கிற நீங்கள்தான் முதல் பரிசோதகர்.

எண்டோஸ்கோப்பி என்றதும் பயப்பட வேண்டாம். கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியே விட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். புற்றுநோய் உறுதியானால், எவ்வளவு பரவியிருக்கிறது என்று சி.டி அல்லது பெட் ஸ்கேனில் பார்ப்பார்கள்.

மேலோட்டமான ஆரம்பக் கட்டி என்றால், எண்டோஸ்கோப்பி வழியாகவே அகற்ற வாய்ப்பு உண்டு. சற்று வளர்ந்திருந்தால் கீமோவும் ரேடியேஷனும் கொடுத்து, பிறகு அறுவை சிகிச்சை. 2012-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், அறுவை சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் சுமார் 24 மாதங்கள் தாண்டி வாழ்ந்தார்கள். முன்கூட்டியே கீமோ, ரேடியேஷனும் சேர்த்துப் பெற்றவர்களில் அது சுமார் 49 மாதங்கள். நோய் முற்றிய நிலையிலும் ஸ்டென்ட் வைத்துச் சாப்பாடு இறங்க வழி செய்யலாம்.

கூலியை யார் தருவது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆரணியிலிருந்து வேலூர் சி.எம்.சி-க்கு சுமார் 40 கி.மீ தூரம்தான். காஞ்சிபுரத்தில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, சென்னையில் 1954 முதல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என வழிகள் இருக்கின்றன.

ஆனால் அந்த ஆய்வில் தந்த ரேடியேஷன் மட்டுமே வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சுமார் ஐந்து வாரம். சேலை இறங்கினால்தான் கூலி என்கிற வீட்டில், அத்தனை நாளும் தறி நிற்கும். துணைக்குப் போகிறவரின் வேலையும் நிற்கும். "தீபாவளி ஆர்டர் முடியட்டும், இந்தப் பாவு முடியட்டும்" என்று டாக்டரைத் தள்ளிப்போடுவது இதனால்தான். அதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. சிகிச்சைச் செலவைப் பற்றிப் பேசும் அரசு, சிகிச்சை நாள்களின் கூலியைப் பற்றியும் பேச வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இதுதான். விழுங்குவதில் சிரமம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தாதீங்க. எடையும் குறைந்தாலோ, எதுவுமே இறங்காவிட்டாலோ இரண்டு வாரமும் காத்திருக்காதீங்க. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போய், "எண்டோஸ்கோப்பி பார்க்கணுமா டாக்டர்?"னு நீங்களே கேளுங்க. காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் கையோடு எடுத்துக்கோங்க. பரிசோதனைக்கு ஒரு நாள் கூலி போகும், உண்மைதான். பரவிய பிறகு போனால், மொத்தத் தறியையும் விற்க வேண்டியிருக்கலாம்.